வாஷர் ட்ரையர் ஒரே மெஷினாகவா, தனித்தனியாகவா? (மும்பை, ட்ரை பால்கனி, 4 பேர்)

ட்ரை_பால்கனி:
செம்பூரில் 2 பெட்ரூம் ஃப்ளாட். பெரியவர்கள் மூன்று பேர், பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று. பழைய டாப் லோடை மாற்ற வேண்டும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை துணி காயவே மாட்டேன் என்கிறது. கடையில் 8/5 வாஷர் ட்ரையர் ஒன்றைக் காட்டி "இடமும் மிச்சம், ஒரே பட்டன்" என்கிறார்கள். தனி வாஷர், தனி ட்ரையர் என்றால் வைக்க ட்ரை பால்கனியை (துணி துவைத்து உலர்த்தும் சின்னப் பால்கனி) விட்டால் வேறு இடம் இல்லை: 3 அடி அகலம், 4 அடி நீளம். ஒரு 16 ஆம்பியர் பாயின்ட், ஒரு குழாய். எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் வரை போகலாம். எதை எடுக்கலாம்? பிராண்ட் சண்டை வேண்டாம், காரணம் சொல்லுங்கள் போதும்.

ஈரத்துணி:
சார், முதலில் அந்த 8/5 என்ன என்று பார்த்துவிடுங்கள். 8 கிலோ துவைக்கும், 5 கிலோதான் காய வைக்கும். 8 கிலோ போட்டுத் துவைத்தால் 3 கிலோ ஈரத்துணியை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் ட்ரை பட்டனை அழுத்த முடியும். "ஒரே பட்டன்" என்பது 5 கிலோவோ அதற்குக் குறைவோ போட்டால் மட்டும். 9/6, 10.5/7 எல்லாமே இதே கதைதான். துணி உலர வேண்டுமானால் ட்ரம்முக்குள் புரண்டு விழ இடம் வேண்டும், நடுவே சூடான காற்று போக வேண்டும். நெருக்கி அடைத்தால் வெளிப்பக்கம் காய்ந்து நடுவில் ஈரம் அப்படியே நிற்கும்.

5 கிலோ என்றால் எவ்வளவு? குளியல் துண்டு ஒன்று அரை கிலோ வரும். ஜீன்ஸ் 600, 700 கிராம். டபுள் பெட்ஷீட்டும் இரண்டு தலையணை உறையும் சேர்ந்தால் ஒரு கிலோவை ஒட்டி வரும். சட்டை 200, 250 கிராம். இவை காய்ந்த துணியின் எடை. நாலு துண்டு, ஒரு செட் பெட்ஷீட், இரண்டு ஜீன்ஸ் போட்டால் 4 கிலோவைத் தாண்டிவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். காம்போவில், அதாவது துவைப்பதும் காய வைப்பதும் ஒன்றான இந்த மெஷினில், துவைக்க ஒன்றரை மணி, 5 கிலோ காய மூன்றரை முதல் நாலு மணி. மொத்தம் ஐந்து, ஐந்தரை மணி நேரம் அந்த ட்ரம் வேறு எதற்கும் கிடைக்காது. ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் உங்கள் வீட்டில் வாரத்துக்கு 21 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 14 கிலோவை, ட்ரையரில் போட்டாலும் மூன்று லோடு. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடிக்க நினைத்தால் காம்போ பதினாறு மணி நேரம் ஓட வேண்டும். தனித்தனியாக இருந்தால் முதல் லோடு காயும்போது இரண்டாவது துவைந்துகொண்டிருக்கும். ஏழரை, எட்டு மணி நேரத்தில் வேலை முடியும். தினம் ஒரு சின்ன லோடு என்று பழகிக்கொள்ள முடிந்தால் காம்போவும் ஓடும். முடியாதென்றால் மழைக்காலத்தில் துணிக்கூடை நிரம்பிக்கொண்டேதான் இருக்கும்.

மூணு_ஃபேஸ்:
கரன்ட் கணக்கு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க கிட்டத்தட்ட 0.65 யூனிட் வேண்டும். இதை எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. ஆகவே துணியில் எத்தனை லிட்டர் தங்கியிருக்கிறது என்பதே கேள்வி. 5 கிலோ பருத்தித் துணியை 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) பிழிந்தால் சுமார் மூன்றரை லிட்டர் நிற்கும். 1200ல் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். 1400ல் இரண்டரை. டாப் லோடின் 700ல் எல்லாவற்றையும் விட அதிகம். 800க்கும் 1400க்கும் நடுவில் ஒரு லிட்டர் வித்தியாசம். அந்த ஒரு லிட்டரை ஸ்பின்னில் எடுக்கச் செலவு சொற்பம், ஹீட்டரில் எடுத்தால் முக்கால் யூனிட். ட்ரையர் எதுவாக இருந்தாலும் வாஷர் 1200க்குக் குறையக் கூடாது. பழைய டாப் லோடை வைத்துக்கொண்டு ட்ரையர் மட்டும் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்.

இனி மெஷின் வகைகள். காம்போ 5 கிலோ காய வைக்க மூன்றரை யூனிட்டை ஒட்டி எடுக்கும். குழாய் வைத்து ஈரக்காற்றை வெளியே தள்ளும் வென்டட் ட்ரையர், ஐந்தரை கிலோ லோடுக்கு மூன்று, மூன்றரை. ஹீட் பம்ப் ட்ரையர் அதே துணிக்கு ஒன்றேகால், ஒன்றரை. ஏசி மாதிரி கம்ப்ரஸர் இருப்பதால் ஆவியின் சூட்டைத் திரும்பப் பிடித்து அதே துணிக்கே கொடுக்கிறது.

உடனே ஹீட் பம்ப்தான் லாபம் என்று ஓடாதீர்கள். மழைக்காலம் மட்டும் ஓட்டினால் வாரம் நாலு லோடு, வருஷத்துக்கு 70 லோடு. லோடுக்கு 2 யூனிட் மிச்சம் என்றால் 140 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 1,400 ரூபாய். வென்டட் ட்ரையருக்கும் ஹீட் பம்புக்கும் விலை வித்தியாசம் சுமார் 40,000. மெஷின் ஆயுசுக்குள் அந்தப் பணம் திரும்பி வராது. வருஷம் முழுக்க வாரம் ஐந்து லோடு ஓட்டும் வீட்டில்தான் எட்டு வருஷத்தில் கணக்கு நேராகும். ஹீட் பம்ப் வாங்கக் காரணங்கள் வேறு: சூடு குறைவு, துணி நிற்கும், வெளியே குழாய் வேண்டாம், ட்ரம் பெரிது. பில்லைக் காட்டி விற்றால் நம்பாதீர்கள்.

வயரிங்: வென்டட் ட்ரையர் ஹீட்டரும் வாஷர் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் 4,500 வாட், 19 ஆம்பியருக்கு மேல். உங்களிடம் இருப்பது ஒரே 16 ஆம்பியர் பாயின்ட். மல்டி ப்ளக், எக்ஸ்டென்ஷன் போர்டு என்ற பேச்சே கூடாது. டிபியிலிருந்து (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) இரண்டாவது லைன் இழுக்க வேண்டும், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி குறைந்தது, 4 போட்டால் நிம்மதி. ஈரமான இடம், அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

வாடகைவீடு:
எல்லோரும் சேர்ந்து காம்போவைக் கொன்றுவிட்டீர்கள். கொஞ்சம் நியாயமாகப் பேசுவோம்.

இரண்டு பேர் இருக்கிற வீடு, இருவரும் காலையில் போய் இரவு வருகிறவர்கள். 3 கிலோ துணியைப் போட்டு டிலே ஸ்டார்ட் வைத்தால் எழுந்திருக்கும்போது காய்ந்திருக்கும். ஐந்து மணி நேரம் ஆனால் என்ன, ஆள் தூங்குகிறார். பதினோரு மாத அக்ரிமென்ட்டில் வீடு மாறுகிறவர்களுக்கு ஒரு மெஷின், ஒரு ப்ளக், ஒரு குழாய், ஒரு டிரெயின். இரண்டாவது லைன் இழுக்க வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டாம், சொசைட்டியிடம் (குடியிருப்புச் சங்கம்) சுவரில் ஓட்டை போட அனுமதி கேட்க வேண்டாம். வருஷத்தில் எட்டு மாதம் அதை வெறும் வாஷராக ஓட்டப் போகிறோம், அப்போது 8 கிலோவும் முழுசாகக் கிடைக்கிறது. விலையிலும் சாதாரண ஃப்ரன்ட் லோடை விட 15, 20 ஆயிரம்தான் கூட. தனி ட்ரையர் எதுவும் அந்த விலைக்கு வராது.

கேஸ்கெட்:
வாடகைவீடு சொல்வது சரி, இரண்டு பேருக்கு நானும் காம்போதான் சொல்வேன். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து வாங்கணும். "ட்ரை ஆகவில்லை" என்று வரும் கம்ப்ளைன்டில் பெரும்பகுதி மெஷின் கோளாறே இல்லை.

1) குழாயை மூடிவிடுவது. இங்கே விற்கும் காம்போக்களில் பல, ஆவியைக் குளிர வைக்கக் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துகின்றன. டப்புக்குப் பின்னால் ஒரு டக்ட் (காற்று போகும் குழாய்), அதில் தண்ணீர் மெல்லிசாக வழியும், சூடான ஈரக்காற்று அதில் பட்டு நீராகி டிரெயினுக்குப் போகும். துவைத்து முடிந்ததும் குழாயை மூடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மூடினால் நாலு மணி நேரம் சூடு மட்டும் ஏறும், துணி வெந்நீரில் நனைத்த மாதிரி வெளியே வரும். காய வைக்க மட்டும் 30 முதல் 60 லிட்டர் தண்ணீர் போகும், மாடலைப் பொறுத்து. தண்ணீர் நேரம் வைத்து விடும் சொசைட்டியில் இதை யோசிக்கணும். ஏப்ரல், மே மாதம் மொட்டை மாடி டாங்கித் தண்ணீரே சுடும், அப்போதும் நேரம் இழுக்கும். ஏர் கண்டென்சிங் (தண்ணீருக்குப் பதில் காற்றால் ஆவியைக் குளிர வைப்பது) என்று போட்ட மாடல்களில் இந்தத் தண்ணீர்ச் செலவு இல்லை. கடையில் இதைத்தான் முதலில் கேளுங்கள்.

2) பஞ்சு. தனி ட்ரையரில் கதவருகே ஜல்லடை இருக்கும், லோடு முடிந்ததும் உருவி ஒரு இழுப்பில் கம்பளி மாதிரி எடுத்துப் போடலாம். பெரும்பாலான காம்போவில் அது கிடையாது. பஞ்சு தண்ணீரோடு டிரெயினுக்குப் போகும் என்பது ஏற்பாடு. முழுசாகப் போகாது. டக்ட்டின் உள்சுவரில், ப்ளோயர் விசிறியின் இறக்கையில், கதவு ரப்பரின் மடிப்பில் ஒட்டும். துண்டு காய வைத்த ட்ரம்மில் அடுத்து கறுப்பு பேன்ட் போட்டால் சாம்பல் நிறப் பூ பூவாக ஒட்டியிருப்பது இதுதான். காய்ந்த துணியை எடுத்தபின் காலி ட்ரம்மில் ஒரு ரின்ஸ், ஸ்பின் ஓட்டி, ரப்பர் மடிப்பை ஈரத்துணியால் துடைத்து, கீழே இருக்கும் டிரெயின் ஃபில்டரை மாதம் இரண்டு முறை திறந்தால் வருஷக்கணக்கில் ஓடும். செய்யாவிட்டால் மூன்று மணி நேரம் ஆனது நாலரை ஆகும், பிறகு டெம்பரேச்சர் சென்ஸார் எரர் காட்டும். டக்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது மேல் மூடியைத் திறக்கும் வேலை, வீட்டில் செய்யக் கூடாது.

3) கசங்கல். 1400ல் சுற்றி முடிந்ததும் துணி ட்ரம் சுவரோடு அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். காம்போ அப்படியே சூடாக்க ஆரம்பிக்கும். சட்டையில் அந்த மடிப்பு பதிந்தால் இஸ்திரிக்காரருக்கும் சிரமம். ஸ்பின் முடிந்ததும் திறந்து, உதறிப் பிரித்து, சட்டையையும் சிந்தெடிக்கையும் எடுத்துவிட்டு ட்ரை போட்டால் பாதிச் சிக்கல் தீரும். அப்போது அந்த "ஒரே பட்டன்" போய்விடுகிறது, அது வேற.

ஒன்று போனால் இரண்டும் நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ட்ரை ஹீட்டர் போனால் சாதாரணமாகத் துவைக்கலாம், ஆனால் மெயின் போர்டோ மோட்டாரோ பேரிங்கோ போனால் துவைப்பதும் இல்லை, காய்வதும் இல்லை, பாகம் வரும் வரை. "10 வருஷ வாரண்டி" ஸ்டிக்கர் மோட்டாருக்கு மட்டும். ட்ரை ஹீட்டரும் ப்ளோயரும் எத்தனை வருஷம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

அளவுநாடா:
இடம் என்ற காரணத்துக்காகக் காம்போ வாங்குகிறவர்களுக்கு ஒரு கேள்வி. தனித்தனி மெஷினைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? வாஷர் மேல் ட்ரையரை ஏற்றினால் தரையில் எடுக்கும் இடம் 60க்கு 60 செ.மீ. காம்போவும் அதே 60க்கு 60. தரையில் மிச்சம் எதுவும் இல்லை. மிச்சமாவது சுவரின் மேல்பாதி. அங்கே ஜன்னலோ கீஸரோ லாஃப்டோ இருந்தால்தான் காம்போ இடத்தை மிச்சப்படுத்துகிறது. இல்லாவிட்டால் அந்தக் காரணமே விழுந்துவிடுகிறது.

கணக்கு: ஒரு மெஷின் உயரம் 85 செ.மீ. இரண்டு 170. ஸ்டாக்கிங் கிட் (ட்ரையரை வாஷர் மேல் நகராமல் பிடிக்கும் சட்டம்) ஒன்றிரண்டு செ.மீ.; இழுப்புத் தட்டு வைத்த கிட் என்றால் இன்னும் கூடும். மேலே கை விட இடத்தோடு 180 செ.மீ., ஆறடிக்குள். கிட் இல்லாமல் ஏற்றக் கூடாது, வாஷர் ஸ்பின்னில் அதிரும்போது மேலே இருக்கிற 50 கிலோ நகர்ந்து விழும். கிட் அந்தந்தக் கம்பெனி, அந்தந்த மாடல். வாஷர் ஒரு கம்பெனி, ட்ரையர் ஒரு கம்பெனி என்றால் பெரும்பாலும் பொருந்தாது. எப்போதும் வாஷர் கீழே. சக்கரம் வைத்த ஸ்டாண்டை அடியில் வைக்கவே கூடாது.

உங்கள் 3 அடி 91 செ.மீ. வாஷர் ஆழம் 60, பின்னால் ஹோஸுக்கு 5. மெஷினை அகலவாட்டில் பார்க்க வைத்தால் முன்னால் 26 செ.மீ. மிஞ்சும், கதவு பாதிகூடத் திறக்காது. நீளவாட்டில் வைத்தால் 122லிருந்து 65 போக 57 செ.மீ.; கதவு திறக்கும், ஆள் நிற்கவும் ஏதோ இடம் உண்டு. பால்கனிக் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து மெஷின் கதவின் கீலை அமையுங்கள். ட்ரையரில் கீலை மாற்றிப் போட முடிகிற மாடல் நிறைய, வாஷரில் முடியாது.

வீட்டில் குள்ளமானவர் இருந்தால் இன்னொன்று. மேலே ஏற்றிய ட்ரையரின் பட்டன்கள் 160, 165 செ.மீ. உயரத்தில் வரும், ஐந்தடி ஆளின் தலைக்கு மேல். ஹீட் பம்ப், கண்டென்சர் (ஆவியை உள்ளேயே நீராக்கும் ட்ரையர்) இரண்டிலும் தண்ணீர்த் தொட்டியும் பெரும்பாலும் அதே வரிசையில்தான். லோடுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சேரும். அதைத் தலைக்கு மேலிருந்து உருவினால் முகத்தில்தான். பெட்டியோடு ஒரு மெல்லிய டிரெயின் ஹோஸ் வரும், அதை வாஷர் டிரெயினோடு இணைத்துவிட்டால் தொட்டியைத் தொடவே வேண்டாம்.

ட்ரை_பால்கனி:
அருமை. மேல்பாதியில் இடது சுவரில் கேஸ் கீஸர் இருக்கிறது, வலது சுவர் காலி. முன்பக்கம் க்ரில், மழைச்சாரல் அடிக்கும். இருக்கட்டும், விலை குறைவு என்பதால் வென்டட் ட்ரையரை வலது பக்கம் ஏற்றலாமா? மும்பை ஈரக்காற்றில் அது வேலை செய்யுமா?

மூணு_ஃபேஸ்:
ஈரக்காற்று பிரச்சினை இல்லை. 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கொஞ்சம் நேரம் கூடலாம், அவ்வளவுதான்.

பிரச்சினை கீஸர். வென்டட் ட்ரையர் இருக்கும் இடத்துக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். சாரலுக்காக நீங்கள் க்ரில்லை மூடினால் அடைத்த இடத்தில் காற்று குறையும், கீஸரின் புகை வெளியே போகாமல் திரும்ப உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். கேஸ் கீஸரும் வென்டட் ட்ரையரும் ஒரே மூடிய இடத்தில் கூடாது. க்ரில்லைத் திறந்து வைத்தால் சாரல் ட்ரையர் போர்டில் அடிக்கும், தண்ணீர் புகுந்த போர்டுக்கு வாரண்டி கிடையாது. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு வென்டட் இல்லை. அந்த கீஸரை எலக்ட்ரிக்காக மாற்றினால் அதற்கும் தனி லைன்.

கேஸ்கெட்:
வென்டட் வாங்கும் மற்றவர்களுக்கு: குழாய் 4 இன்ச், நீளம் இரண்டு மீட்டருக்குள், வளைவு ஒன்றிரண்டு. குழாயை வெளியே விடாமல் அறைக்குள் விட்டால் ஒவ்வொரு லோடுக்கும் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் உங்கள் சுவரில் போய் உட்காரும். கறுப்புப் பூசணம் இரண்டே வாரத்தில் வரும். பாத்ரூம் டக்ட்டில் விடுகிறவர்கள் மேல்வீட்டுக்காரருக்குப் பஞ்சு அனுப்புகிறார்கள்.

ஹீட் பம்பில் பார்க்க வேண்டியது இரண்டு ஃபில்டர்: கதவருகே ஒன்று, கீழே ஒன்று. இரண்டாவதை மறப்பதுதான் எல்லோரும். கண்டென்சரைத் தானே கழுவிக்கொள்ளும் மாடலில் கீழே திறக்க வழி இருக்காது, மேல் ஃபில்டரில் கிழிசல் இருந்தால் பஞ்சு உள்ளே போய் அடைக்கும், பிறகு சர்வீஸ்தான். அப்புறம் அந்த மாய்ஸ்சர் சென்ஸார். ட்ரம் வாயருகே விரல் நீளத்துக்கு இரண்டு உலோகப் பட்டை இருக்கும். ஈரத்துணி இரண்டையும் ஒன்றாகத் தொடும்போது மின்சாரம் கடக்கும், அதை வைத்துத்தான் ஈரம் அளக்கிறது. ஃபேப்ரிக் கண்டிஷனர் அதிகமானால் பட்டைமேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். மெஷின் துணி காய்ந்துவிட்டதாக எண்ணி முக்கால் மணியில் நிற்கும். வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் மாதம் ஒருமுறை துடைத்தால் சரி. இதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டு விசிட்டிங் சார்ஜ் கொடுக்க வேண்டாம்.

நூல்புடவை:
மெஷினைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், துணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் வீட்டுத் துணியில் பாதி ட்ரையரில் போடக் கூடாதது.

ஐந்தரை மீட்டர் நூல் புடவை ட்ரம்மில் சுருண்டு கயிறாகிவிடும். வெளிச்சுற்று மொடமொடவென்று, உள்ளே சொதசொத. எட்டு முழ வேட்டிக்கும் அதே கதிதான், ஜரிகைக் கரை சுருங்கி இழுத்துக்கொள்ளும். 1200ல் பிழிந்த புடவையை விரித்துப் போட்டால் ஃபேன் காற்றிலேயே ராத்திரியில் காய்ந்துவிடும், மெல்லிசுத் துணிதானே. கஞ்சி போட்டதை ட்ரையரில் போடவே போடாதீர்கள், துணியில் நிற்காமல் ட்ரம்மிலும் அந்தச் சென்ஸார் பட்டையிலும் படியும். பட்டு, கம்பளி, ரப்பர் அடி வைத்த மிதியடி, ஃபோம் தலையணை எதுவும் கூடாது.

ட்ரையருக்கு உரியது துண்டு, பெட்ஷீட், ஜீன்ஸ், உள்ளாடை, பிள்ளையின் யூனிஃபார்ம், சாக்ஸ். அவ்வளவே. இதை மட்டும் எடுத்து எடை போட்டால் ஈரத்துணி சொன்ன 14 கிலோ, வாரத்துக்குப் பத்தாகக் குறையும். அந்த எண்ணிக்கையை வைத்து மெஷின் அளவைத் தீர்மானியுங்கள்.

இன்னொன்று. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வீடுகளில் நல்லெண்ணெய்த் துண்டை அப்படியே துவைத்து ட்ரையரில் போடுகிறார்கள். சாதாரண சோப்பில் எண்ணெய் முழுசாகப் போகாது. காய்ந்த பிறகு நாற்றமும் வரும். அதை வெயில் வரும்வரை தனியாக வையுங்கள்.

கேஸ்கெட்:
மேடம் சொன்ன கடைசி விஷயம் நாற்றத்தோடு நிற்காது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் காற்றுப்பட்டு ஆக்ஸிஜனை இழுக்கும்போது தானே சூடாகும். எண்ணெய் மிச்சமிருக்கும் துண்டு ட்ரையர் சூட்டில் காய்ந்து, கூடையில் மொத்தமாகக் குவிந்திருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தீப்பிடிக்கும். எண்ணெய்க் கறைத் துணி போடாதே என்று ட்ரையர் மேனுவலில் எச்சரிக்கை இருப்பது இதற்காகத்தான். தேங்காய் எண்ணெயில் இந்த குணம் மிகக் குறைவு. ஆனாலும் துண்டில் எது இருக்கிறது என்று யார் பிரிப்பது, எல்லாவற்றையும் விலக்குங்கள். சமையலறைக் கைத்துணியும் இதில் சேர்த்தி.

பெரும்பாலான ட்ரையர்கள் கடைசிச் சில நிமிடம் சூடில்லாமல் சுற்றும். அவசரத்தில் நடுவில் நிறுத்தி எடுத்துக் குவிக்கக் கூடாது. கரன்ட் போய் நின்றால் துணியை உடனே வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள்.

காற்றாடி:
மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, கடைக்காரர் சொல்ல மாட்டார். நல்ல 1400 வாஷர், சீலிங்கில் கயிறு இழுத்து ஏற்றும் ஹேங்கர், ஒரு டிஹ்யூமிடிஃபையர் (அறைக் காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்). சின்ன பெட்ரூமில் துணியைக் கட்டி, ஜன்னல் கதவெல்லாம் மூடி, 250 வாட் மெஷினையும் ஃபேனையும் எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு, இரண்டரை யூனிட். புடவை, சட்டை, பட்டு எதுவானாலும் காயும், சுருங்காது, அலமாரியில் பூசணமும் வராது. ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினால் அரபிக்கடலை உலர்த்திக்கொண்டிருப்பீர்கள். துண்டும் ஜீன்ஸும் மட்டும் விறைப்பாக நிற்கும்.

வாடகைவீடு:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு பேர் இருக்கும் 2 பெட்ரூமில் ஒரு அறையை எட்டு மணி நேரம் யார் காலி செய்து கொடுப்பார்கள்?

ட்ரை_பால்கனி:
யாரும் கொடுக்க மாட்டார்கள்! வலது சுவரில் ஸ்டாக், ஹீட் பம்ப் என்று முடிவுக்கு வருகிறேன். கேஸ் கீஸர் இருப்பதால் க்ரில்லை முழுசாக மூடாமல் மெஷின் பக்கம் மட்டும் பாலிகார்பனேட் ஷீட். எடை போட்டுப் பார்த்தேன், ட்ரையருக்கு உரியது வாரம் 11 கிலோ. மேல் உயரம் 7 அடி 2 அங்குலம். பால்கனிக் கதவு மட்டும் இடிக்கிறது: உள் அளவு 23 அங்குலம். மெஷின் 60 செ.மீ., அதாவது 23.6. நாங்கள் இருப்பது கடைசி மாடி, தண்ணீர் வேகம் குறைவு, அதுவும் பார்க்க வேண்டுமா?

அளவுநாடா:
23 அங்குலம் 58.4 செ.மீ. முதலில் கதவைக் கீலோடு கழற்றி மறுபடி அளங்கள், ஒன்றரை அங்குலம் வரை கூடும். போதாவிட்டால் மெஷினைப் பக்கவாட்டில் திருப்பி, ஆழம் வாசலுக்குக் குறுக்காக வரும்படி நுழைக்கலாம். உடல் ஆழம் 55க்குள் இருக்கும் வாஷர்கள் 7, 8 கிலோவில் உண்டு. ட்ரையரில் அப்படிக் கிடைப்பது அரிது, அதன் கதவு வட்டத்தையும் சேர்த்து 60க்கு மேல் போகும். ட்ரையரின் அளவுதான் உங்கள் முடிவு. நுழையவில்லையென்றால் ஒல்லியான காம்போதான் வழி, அப்போது ஏர் கண்டென்சிங் பாருங்கள். லிஃப்ட் கதவையும் அளந்துவிடுங்கள், அட்டைப்பெட்டியோடு 65, 66 செ.மீ. வரும்.

கேஸ்கெட்:
தண்ணீர் கட்டாயம் பார்க்கணும். டாங்கி உங்கள் குழாயை விட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் தண்ணீர் அழுத்தம் 0.3 பார்தான். பல ஃப்ரன்ட் லோட் 0.5 கேட்கும். நிரம்ப நேரமாகி இன்லெட் எரர் காட்டும். குழாயைத் திறந்து ஒரு 10 லிட்டர் வாளி பிடியுங்கள், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால் சின்ன பூஸ்டர் பம்ப் வேண்டும். டாங்கர் போர்வெல் தண்ணீர் கலக்கும் சொசைட்டி என்றால் வாஷர் ஹீட்டரில் உப்பு படியும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டீஸ்கேல் பவுடர் போட்டு 60 டிகிரியில் காலியாக ஓட்டுங்கள். ஏரித் தண்ணீர் மட்டும் வரும் இடத்தில் அவ்வளவு தேவைப்படாது.

ட்ரை பால்கனித் தரை மோரிப் (தண்ணீர் வெளியேறும் துவாரம்) பக்கம் சாய்ந்திருக்கும். ஸ்பிரிட் லெவல் வைத்து நாலு காலையும் திருகி மட்டம் பார்த்து, லாக் நட்டை இறுக்கிய பிறகுதான் மேலே ட்ரையர் ஏறணும். இரண்டு மெஷினும் கிட்டும் ஒரே நாளில் வரும்படி சொல்லுங்கள். தனித்தனியாக வந்தால் ட்ரையரைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு தூக்க ஆள் பிடிப்பது தனி வேலை. ஹீட் பம்பைச் சாய்த்துக் கொண்டு வந்திருந்தால் கம்ப்ரஸர் ஆயில் இறங்கச் சில மணி நேரம் நிறுத்தி வைத்துப் போடுங்கள், எத்தனை மணி என்று மேனுவலில் இருக்கும். வாஷர் பின்னால், வண்டியில் வரும்போது டப் ஆடாமல் பிடிக்கும் டிரான்ஸிட் போல்ட் மூன்றோ நாலோ இருக்கும், கழற்றாமல் ஸ்பின் போட்டால் மெஷின் பால்கனியை விட்டு நடந்து வரும். கழற்றிய போல்ட்டை மேனுவல் கவரிலேயே போட்டு வையுங்கள், வீடு மாறும்போது அவை இல்லாமல் ஏற்றினால் டப் ஸ்பிரிங் போய்விடும்.